எடுத்துப் போட்ட கர்ப்பப்பையில் ஒரு கட்டி

அம்மாவின் மடியில் முறம் உட்காரவில்லை. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்.

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பீடி சுற்றுவார்கள். அம்மா பதினாறு வயதிலிருந்து சுற்றுகிறார். மடியில் முறத்தை வைத்து, அதில் தூளையும் வெட்டிய இலையையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் பகல் முழுக்க முறம் அசையாது. 2023 பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அது முன்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. பத்து பீடிக்கு ஒருமுறை முழங்கையால் இழுத்து வைத்துக்கொண்டார். "தொப்பை வந்துடுச்சு பாப்பா, உக்காந்தே கெடக்கறேன் இல்ல" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. 67 வயது, பத்து வருடமாகச் சுகர். வயிறு போடாமல் இருக்குமா?

இப்போது திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் வரிசையாக வந்திருக்கின்றன. பாவாடை நாடாவைத் தொப்புளுக்குக் கீழே கட்டுகிறவர், ஏற்றிக் கட்ட ஆரம்பித்திருந்தார். ராத்திரியில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். சுகர் என்று நினைத்தோம். மலச்சிக்கலுக்கு வயசைக் காரணம் சொன்னோம். இடது இடுப்பில் ஏதோ கனமாக இருக்கிறது என்றதற்கு உட்கார்ந்த வேலை. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்ததால் நாலையும் சேர்த்து வைத்து யாரும் யோசிக்கவில்லை. கை, கால், கழுத்து எதிலும் சதை கூடவில்லை, வயிறு மட்டும்தான் ஏறியது என்பதையாவது நான் கவனித்திருக்கலாம். வலி இல்லை. வலி இருந்திருந்தால் அம்மாவே ஓடியிருப்பார்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துவிடும்போது என் கை அவர் அடிவயிற்றில் பட்டது. உரித்த தேங்காயைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தது போல இருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை, நகரவும் இல்லை. மறுநாள் ஊரிலேயே ஸ்கேன் எடுத்தோம்.

எங்கே என்று சொல்லப்போவதில்லை. ரிப்போர்ட்டில் எழுதியிருந்ததை மட்டும் சொல்கிறேன்: கர்ப்பப்பை பெரிதாகியிருக்கிறது, அதில் 12 சென்டிமீட்டர் அளவில் நார்க்கட்டி. நான் அதைத் தமிழில் படித்துச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார்.

"எடுத்துப் போட்ட கர்ப்பப்பை திரும்ப மொளச்சிருக்குதா?"

2001-இல், அவருடைய 45 வயதில், கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. அதிகமான உதிரப்போக்கு, நாலைந்து நார்க்கட்டிகள், வயிற்றைக் கிழித்துச் செய்த ஆபரேஷன். தொப்புளுக்குக் கீழே நேர்க்கோடாகத் தழும்பு இருக்கிறது. ஸ்கேன் செய்தவர் அந்தத் தழும்பின் மேலேயே ஜெல்லைத் தடவித்தான் பார்த்திருக்கிறார். திரும்பிப் போய்க் கேட்டேன். "நீங்க சொல்லியிருக்கணும் இல்லம்மா" என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் அவர்கள் கேட்கவில்லை என்பது எவ்வளவு உண்மையோ நாங்கள் சொல்லவில்லை என்பதும் அவ்வளவு உண்மை. மூத்திரப்பைக்குப் பின்னால், கர்ப்பப்பை இருக்கவேண்டிய இடத்தில், கெட்டியான உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தால் அவசரத்தில் பார்ப்பவருக்கு அது கர்ப்பப்பையாகத் தெரியுமாம். அப்புறம் வேலூரில் சொன்னார்கள்.

அதே வாரம் பெண் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு வயிற்றைக் கையால் பார்த்தார். சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார். 35-க்குள் இருக்கவேண்டியது 48 வந்தது. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, சினைப்பையில் புற்றுநோயாக இருக்கலாம், தாமதிக்காமல் வேலூருக்குக் கூட்டிப்போங்கள் என்றார். நார்க்கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை நம்பி வளர்வது, மாதவிடாய் நின்ற பிறகு சுருங்குவதுதான் வழக்கம். இந்த வயதில் ஒரு கட்டி வளர்ந்தால் முதலில் கெட்டதைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். அவர் யோசித்த விதம் சரி என்று எல்லாம் முடிந்த பிறகும் எனக்குத் தோன்றுகிறது. அந்த 48-ஐ மட்டும் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். சி.ஏ.125 புற்றுநோய் இல்லாத பல காரணங்களாலும் கூடும்: வயிற்றில் காசநோய், ஈரல் கோளாறு, இதயக் கோளாறு, சாதாரண நார்க்கட்டி. புற்றுநோய் இருந்தும் கூடாமல் இருப்பதும் உண்டு. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நான் மூன்று ராத்திரி அழுதேன்.

ஓசூரிலிருந்து அண்ணன் வந்தார். அத்தை வந்தார். சின்னம்மா வந்தார். திண்ணையில் கூடிப் பேசி எடுத்த முடிவு ஒன்றே ஒன்று: அம்மாவிடம் சொல்லக்கூடாது. அத்தைக்குத் தெரிந்த ஒருவர் கட்டியைக் கரைக்கும் பொடி கொடுக்கிறாராம், 48 நாள் சாப்பிட வேண்டுமாம், அதுவரை கத்தி படக்கூடாதாம். இந்தப் பொடி ஆளை நாங்கள் நேரில் போயும் பார்த்தோம், வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. சதையைக் கரைக்கும் பொடி என்று ஒன்று இருந்தால் அது கட்டியை மட்டும் தேடிப் பிடித்துக் கரைக்குமா, ஈரலை விட்டுவைக்குமா என்று அண்ணன் கேட்டார். பதில் வரவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாக வேலூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பங்குனி வெயில். ஓ.பி.யில் இளம் டாக்டர் ஒருவர் முதலில் கேட்டது, "2001 ஆபரேஷன் பேப்பர் இருக்கா?"

இல்லை. நைனா அவற்றைத் தகரப் பெட்டியில் போட்டுப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். 2021 நவம்பரில் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரம் இருந்த பழைய வீட்டில் தண்ணீர் புகுந்து, பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. ஆபரேஷன் செய்த நர்சிங் ஹோமை மூடியே பல வருடம் ஆகிறது.

அந்தக் காகிதத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டது என்ன என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கர்ப்பப்பையை முழுதாக எடுத்தார்களா, வாயை விட்டுவிட்டு மேல்பாகத்தை மட்டும் எடுத்தார்களா? சினைப்பைகள் இரண்டும் உள்ளே இருக்கின்றனவா? எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்பினார்களா, அதில் என்ன வந்தது? கடைசிக் கேள்விதான் பெரியது. பழைய பயாப்ஸியில் கெட்ட செல் எதுவும் இருந்திருந்தால் இப்போதைய கட்டிக்கு அர்த்தமே வேறு. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் "எல்லாத்தையும் எடுத்துட்டோம்னு சொன்னாங்க" என்பதுதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். "எல்லாம்" என்றால் எது எது என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை. வீட்டில் யாருக்காவது கர்ப்பப்பை எடுத்திருந்தால் இன்று ராத்திரியே அந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் தேடி எடுத்துப் போனில் படம் பிடித்து, இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். தகரப் பெட்டியை நம்பாதீர்கள்.

சி.டி. ஸ்கேனுக்கு முன்னால் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள். நரம்பில் ஏற்றும் மருந்தைச் சிறுநீரகம் தாங்க வேண்டும் என்பதற்காக. அம்மா சாப்பிடும் சுகர் மாத்திரைகளின் அட்டையைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்குச் சில நேரம் அதை இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்களாம். "வெள்ளையா ஒரு மாத்திரை" என்று அம்மா சொன்னது அங்கே எடுபடவில்லை.

சி.டி.யில் கதை மாறியது. சினைப்பைகள் இரண்டும் வயதுக்கேற்றபடி சுருங்கித் தனியாகத் தெரிந்தன. கட்டி அவற்றிலிருந்து கிளம்பவில்லை. குடலை மூடியிருக்கும் உறைக்குப் பின்னால், முதுகுப் பக்கமாக, இடது இடுப்புக்குள் அது உட்கார்ந்திருந்தது: 13-க்கு 10-க்கு 9 சென்டிமீட்டர். ஓரம் வழவழப்பாக இருந்தது, பக்கத்தில் எதையும் அரித்துக்கொண்டு போகவில்லை. ஆனால் இடது சிறுநீர்க் குழாயை அழுத்தியதால் அந்தப் பக்கச் சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. இடுப்பில் கனம் என்று அம்மா சொன்னது இதுதான் போலிருக்கிறது.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்ற முடிவு அந்த அறையில்தான் உடைந்தது. டாக்டர் எங்களைப் பார்த்து விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா நடுவில் புகுந்து, "ஏம்மா டாக்டரு, கட்டி இருக்கறது என் வயித்துல. நீ அவங்ககிட்ட இன்னாத்துக்குச் சொல்லினு இருக்க? புத்துநோயா, இல்லியா?" என்று கேட்டார். அந்தப் பெண் டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டு, "இப்பத் தெரியாதும்மா. ரெண்டும் இருக்கலாம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். "அவ்ளோதானே, எடு" என்றார் அம்மா. வெளியே வந்து எங்களைத் திட்டியதை எழுத முடியாது. ஒரு மாதமாக அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எங்கள் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? நாங்கள் மறைக்கிறோம் என்பதற்காக அவரும் தெரியாதது போல இருந்திருக்கிறார். ஒரு மாதம் இரண்டு பக்கமும் நடிப்பு.

ஊசி போட்டால் பரவிவிடும் என்று சின்னம்மா போனில் அழுதார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு டாக்டரிடம் கேட்காமல் இருக்கப் பார்த்தேன், நல்லவேளை கேட்டேன். சினைப்பைக் கட்டி என்று பலமாகச் சந்தேகம் இருந்தால் அவர்களும் வெளியிலிருந்து ஊசி குத்த மாட்டார்களாம். உள்ளே இருப்பது வயிற்றில் சிந்திவிடக்கூடாது என்பதற்காக. இது உறைக்குப் பின்னால் இருக்கும் கட்டி. முதுகு வழியாகவே, வயிற்றுக்குள் நுழையாமல், சி.டி. பார்த்துக்கொண்டே ஊசி போக முடியும். அப்படி எடுக்கும்போது பரவுவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. சின்னம்மாவின் பயத்தில் ஒரு துளி உண்மை இருந்திருக்கிறது, கட்டிதான் வேறு. அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பல நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு முன்னால் போன ஒருவருக்கு அதனால் தேதி தள்ளிப்போனது.

காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு நாள் தங்கினோம். அந்தத் தெருவில் தமிழ்ப் பலகையை விட வங்காளிப் பலகை அதிகமோ என்று தோன்றும். 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த சி.எம்.சி. மருத்துவமனை ஊரையே இப்படி ஆக்கியிருக்கிறது. பக்கத்து அறையில் கொல்கத்தாப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவும் மகளும். இரண்டு அம்மாக்களுக்கும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. வராந்தாவில் உட்கார்ந்து சேலையை விலக்கித் தழும்பைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த அம்மா இரண்டு ராத்திரி ரயிலில் வந்திருந்தார். நாங்கள் பஸ்ஸில் வந்ததற்கே அலுத்துக்கொண்டிருந்தோம்.

நாலாவது நாள் பயாப்ஸியின் முதல் ரிப்போர்ட் வந்தது. "ஸ்பிண்டில் செல் கட்டி, மேல் பரிசோதனைக்குப் பின் முடிவு" என்று மட்டும் இருந்தது. நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். ராத்திரி போனில் அந்த வார்த்தையைப் போட்டுத் தேடினேன். சார்கோமா, சார்கோமா என்று ஒரு வகைப் புற்றுநோயின் பெயரே பக்கம் பக்கமாக வந்தது. அண்ணனை எழுப்பினேன், அவரும் தேடினார், அவருக்கும் அதுவே வந்தது. ஸ்பிண்டில் என்றால் நூல் சுற்றும் கதிர். நடுவில் பருத்து இரண்டு முனையும் கூராக இருக்கும். செல்லின் வடிவம் அப்படி இருக்கிறது என்பதைத் தவிர அந்த வார்த்தையில் வேறொன்றும் இல்லை. நல்ல கட்டிக்கும் அந்த வடிவம் உண்டு, கெட்டதற்கும் உண்டு. பாதி ரிப்போர்ட்டைக் கையில் வாங்காதீர்கள், வாங்கினால் படிக்காதீர்கள்.

மேல் பரிசோதனை என்பதை இம்யூனோ என்றார்கள்; முழுப்பெயர் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இதை எனக்குப் புரியவைத்தது எங்கள் ஊர்த் தொழில்தான். குடியாத்தத்தில் கைலி நெய்கிறவர்களைக் கேளுங்கள், எந்த நூல் எந்தச் சாயத்தைப் பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பருத்தி பிடிப்பதைப் பாலியஸ்டர் பிடிக்காது. செல்லும் அப்படித்தான். டெஸ்மின், எஸ்.எம்.ஏ. என்ற இரண்டையும் பிடித்தால் அது தசைச் செல். சி.டி.117, டாக்1 பிடித்தால் குடலோடு சேர்ந்த ஜிஸ்ட் என்ற வேறு வகைக் கட்டி, அதற்கு மருந்தே வேறு. அம்மாவுடையது முதல் இரண்டையும் பிடித்தது, அடுத்த இரண்டையும் பிடிக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளையும் காட்டியது. கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு இருக்கும் அதே குணம்.

ஆக அது லையோமயோமா. மென்தசைக் கட்டி. நம் விருப்பப்படி அசைக்கும் கை கால் தசை இல்லை இது. குடல், மூத்திரப்பை, ரத்தக்குழாய்ச் சுவர், கர்ப்பப்பை இவற்றில் தானாக இயங்கும் தசை. கர்ப்பப்பையில் வந்தால் அதற்குப் பெயர் நார்க்கட்டி, அங்கே அது சர்வ சாதாரணம். வயிற்றுக்குப் பின்புறம் தனியாக வந்து உட்காருவது மிக அபூர்வம்.

கர்ப்பப்பையே இல்லாதவருக்கு எப்படி வரும் என்று நான் கேட்டதற்கு டாக்டர் இரண்டு வழி சொன்னார். மென்தசை உடம்பில் எங்கெங்கும் இருக்கிறது, ரத்தக்குழாய் போகும் இடமெல்லாம் இருக்கிறது, அங்கிருந்தே கிளம்பியிருக்கலாம். இல்லையென்றால் கர்ப்பப்பைக்கு வெளியே காம்பில் தொங்கிய பழைய நார்க்கட்டி ஒன்று பக்கத்துச் சதையில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்தே ரத்தம் உறிஞ்சப் பழகி, காம்பு அறுந்த பிறகும் தனியாகப் பிழைத்திருக்கலாம். இதை ஒட்டுண்ணி நார்க்கட்டி என்றே சொல்கிறார்கள். மாமரத்தில் புல்லுருவி மாதிரி. 2001 பேப்பர் இருந்திருந்தால் எது என்று ஊகிக்கவாவது முடிந்திருக்கும்.

எனக்குச் சிரிப்பாக வந்தது வேறு. எங்கள் ஊர் ஸ்கேன் சென்டர் இல்லாத கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்று எழுதியது. கர்ப்பப்பை தப்பு. கட்டியின் ஜாதி சரி! கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் மாங்காயில் பட்டிருக்கிறது.

நல்ல கட்டிதானே, விட்டுவிடலாமே என்று அண்ணி கேட்டார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, சிறுநீரகம் வீங்க ஆரம்பித்துவிட்டது, காத்திருந்தால் அது கெடும். மற்றது, ஊசி எடுத்தது நூல் கனத்தில் நாலு துண்டு. அத்தனை பெரிய கட்டியில் வேறு ஒரு மூலையில் கெட்ட செல் ஒளிந்திருந்தால் அந்த நாலு துண்டு சொல்லாது. முழுதாக எடுத்து, பல இடத்தில் வெட்டிப் பார்த்தால்தான் முடிவான பதில்.

"எடு. ஆனா சிரசு முடிஞ்சப்புறம்" என்றார் அம்மா.

வைகாசி 1 அன்று கெங்கையம்மன் சிரசு. குடியாத்தத்துக்காரர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு பொருத்தப்படும் நாள், அன்றைக்கு ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. பிறந்ததிலிருந்து அம்மா அதைத் தவறவிட்டதில்லை. எனக்குப் பதற்றம். டாக்டர் நாள்காட்டியைப் பார்த்தார், கிரியேட்டினினைப் பார்த்தார், "மூணு வாரத்தில் ஒண்ணும் ஆகாது, போயிட்டு வாங்கம்மா. கூட்டத்தில் வயித்தில் இடி வாங்காம பாத்துக்கங்க" என்றார். கெட்டது என்று வந்திருந்தால் அந்த மூன்று வாரம் கிடைத்திருக்காது. அம்மா அந்த வருடம் கூட்டத்துக்குள் போகாமல் ஒரு மாடியிலிருந்து பார்த்தார். இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வைகாசிக் கடைசியில் ஆபரேஷன். தெரிந்தவர் ஒருவர், இப்போதெல்லாம் எல்லாம் ஓட்டை போட்டுத்தானே எடுக்கிறார்கள், ஏன் கிழிக்கிறார்கள், வேறு இடம் பாருங்கள் என்று கிளப்பிவிட்டார். கேட்டோம். 13 சென்டிமீட்டர் கட்டியைச் சின்ன ஓட்டை வழியாக எடுக்க வேண்டுமானால் உள்ளேயே துண்டு துண்டாக அரைத்துத்தான் எடுக்க வேண்டும். அதில் கெட்ட செல் ஒளிந்திருந்தால் வயிறு முழுக்கத் தூவினது போல ஆகும். நல்ல கட்டியாகவே இருந்தாலும் சிந்திய துணுக்குகள் அங்கங்கே ஒட்டிப் பின்னால் வளர்வதுண்டு. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 2014-இல் அந்த அரைக்கும் கருவியைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. அதனால் உடையாமல் முழுதாக. தழும்பு பெரிதாக இருந்தால் இருக்கட்டும். "நான் இன்னா ஜாக்கெட் போட்டுனு சினிமாவுலயா ஆடப்போறேன்" என்றார் அம்மா.

முதலில் இடது சிறுநீர்க் குழாய்க்குள் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தார்கள். கட்டியைப் பிரிக்கும்போது சிறுநீர்க் குழாய் எது என்று கைக்குத் தெரிய வேண்டும், அறுபடக்கூடாது என்பதற்காக. நாலு மணி நேரம் ஆனது. வயிற்று உறையில் வேறு எங்காவது சின்னச் சின்ன உருண்டைகள் தூவியிருக்கின்றனவா என்றும் தடவிப் பார்த்தார்களாம், அப்படிப் பரவலாக வரும் வகை ஒன்று உண்டாம். ஒன்றும் இல்லை. வெளியே வந்து தட்டில் காட்டினார்கள். வெளிர் நிறத்தில், பனங்காய் மாதிரி, ரத்தம்கூட அதிகம் இல்லாமல். 650 கிராம். அதை அம்மா பார்க்கவில்லையே என்று அப்புறம் குறைப்பட்டுக்கொண்டார். "இத்தினி நாள் சுமந்தவ நானு."

ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லா வயிற்று ஆபரேஷனும் போலத்தான். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இரும வேண்டும். மறுநாளே எழுப்பி நடக்க வைத்துவிட்டார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க. காற்று பிரிந்ததா, காற்று பிரிந்ததா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டது அம்மாவுக்குப் பெரிய மானப் பிரச்சினை. சுகர் ஏறி இறங்கியதால் தையல் ஆற ஒரு வாரம் அதிகம் பிடித்தது. ஆபரேஷனுக்கு முந்தின மாதமே சுகரைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லியிருந்தார்கள், சிரசு நேரத்தில் கூழும் கொழுக்கட்டையும் ஓடிவிட்டன.

ஸ்டென்ட்டைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அது உள்ளேயே கரைந்துவிடும் பொருள் இல்லை, எடுக்க வேண்டும். எங்களுக்கு ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். தையல் ஆறி, வலி போய், அம்மா நன்றாக நடமாட ஆரம்பித்ததும் அந்தத் தேதி எங்கள் எல்லோருக்கும் மறந்தே போனது. சிறுநீர் போகும்போது எரிகிறது, இடுப்பில் இழுக்கிறது என்று அவர் சொன்னபோதுதான் காகிதத்தைப் புரட்டினேன். நாலு நாள் தாண்டியிருந்தது. நாலு நாளில் ஒன்றும் ஆகவில்லை; மாதக்கணக்கில் விட்டால் அதன்மேல் கல் படிந்து, எடுப்பதே இன்னொரு ஆபரேஷன் ஆகிவிடும் என்று எடுத்தவர் கண்டித்து அனுப்பினார். இப்போது யாராவது ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அவர்கள் வீட்டு நாள்காட்டியில் நானே போய் வட்டம் போட்டுவிட்டு வருகிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தனிக் குடும்ப அட்டை, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதி இருந்தும் அட்டை எடுக்காமலே இருந்தோம். கட்டி என்று தெரிந்த பிறகுதான் வருமானச் சான்றுக்கு ஓடி, குடும்ப அட்டையும் ஆதாருமாகக் கலெக்டர் ஆபீசில் போய் நின்றேன். வருடத்துக்கு 5 லட்சம் வரை அதில் பார்க்கலாம். ஆனால் வெளியில் எடுத்த ஸ்கேன், லாட்ஜ், போக்குவரத்து இவையெல்லாம் நம் கையிலிருந்துதான். எது அதில் வரும், எது வராது என்பதைப் படுக்கையில் சேருவதற்கு முன்னாலேயே காப்பீட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது அட்டை எடுப்பது அரை நாள் வேலை. மயக்கமாக ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு ஓடுவது வேறு.

முழுக் கட்டியின் ரிப்போர்ட் பன்னிரண்டாம் நாள் வந்தது. இந்த முறை டாக்டர் முன்னால் உட்கார்ந்துதான் பிரித்தேன். செல் பிரிவது மிகக் குறைவு, செத்த திசு இல்லை, செல்களின் உருவத்தில் கோளாறு இல்லை, ஓரங்கள் சுத்தம். புற்றுநோய் இல்லை. கீமோ, ரேடியேஷன் எதுவும் வேண்டாம். அம்மா, "அப்ப நான் போலாமா?" என்று எழுந்துவிட்டார். உட்கார வைத்து இன்னும் இரண்டு விஷயம் சொன்னார்கள். அபூர்வமாக இது திரும்ப வரலாம், அதனால் முதலில் ஆறு மாதத்தில், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஹார்மோன் கலந்த மாத்திரை எதையும், யார் சொன்னாலும், இங்கே கேட்காமல் சாப்பிடக்கூடாது. ஈஸ்ட்ரோஜன்தான் இதற்குத் தீனி.

அந்த ரிப்போர்ட்டைப் பத்துப் பிரதி எடுத்தேன். அண்ணன் வீட்டில் ஒன்று, என் வீட்டில் ஒன்று, போனில் ஒன்று. கட்டியின் சதையைப் பதப்படுத்தி வைத்திருக்கும் பயாப்ஸி பிளாக்கும் ஸ்லைடும் எந்த எண்ணில் இருக்கின்றன என்பதையும் குறித்துவைத்திருக்கிறேன். எதிர்காலத்தில் வேறு இடத்தில் காட்ட நேர்ந்தால் கேட்டு வாங்கலாமாம்.

அம்மா மறுபடி பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், முறம் இப்போது மடியில் நன்றாக உட்காருகிறது என்று பதில் வந்தது. ஸ்கேனுக்குப் போகும் நாளில் மஞ்சப்பையில் பைலைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். போன மாசிக்கும் போனோம். உள்ளே படுக்க வைத்து ஜெல் தடவுவதற்கு முன்பே, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குக் கர்ப்பப்பை இல்ல. மொதல்ல அத எழுதிக்கோ."